மூன்று பள்ளிகளும் ஓர் அளவு நோட்டும்

அளவுக்காரி என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் ஓரகத்தியின் வாயிலிருந்து. ஒரு கல்யாணத்துக்குப் புறப்படுகிற அவசரத்தில் என் ரவிக்கை கையை இறுக்கிப் பிடித்ததில் விரல் எல்லாம் மரத்துப் போயிருந்தது. "அளவுக்காரிகிட்டக் கொடு. டேப்பே எடுக்க மாட்டா. மேலயும் கீழயும் ஒரு பார்வை பாப்பா, அவ்வளவுதான்" என்றாள். யாரது என்று கேட்டதற்கு, தன் அண்ணன் மகள் என்றாள். அப்படிப் பார்த்தால் எனக்கும் மருமகள் முறை. அன்றுவரை அப்படி ஒருத்தி இருப்பதே எனக்குத் தெரியாது.

அந்தப் பெயர் அவளுக்குச் சும்மா வரவில்லை. இடுப்பில் அரை அங்குலம் பிரித்துவிடச் சொல்லி ஒரு புதுப்பெண் வந்தாள். "அரை எதுக்கு, ரெண்டா விட்டுடறேன். மூணு மாசத்துல மறுபடி அலைய வேண்டாம் பாரு" என்று சொல்லி, அந்தப் பெண்ணுக்கே தெரியாத சேதியை அவளுக்குச் சொன்னவள் இவள். அவ்வளவு கண் உள்ளவள்.

வீட்டின் முன் அறைதான் கடை. ஒரு மெஷின், துணி வெட்ட ஒரு நீள மேசை, ஆணியில் கொத்தாகத் தொங்கும் காகித வடிவங்கள், ஜன்னல் ஓரம் ஒரு ஸ்டூல். கடைக்கு நேர் எதிரே தெரு மூன்றாகப் பிரியும். ஊரில் அரசாங்க உயர்நிலைப் பள்ளிகள் மூன்று. காலையில் பிள்ளைகள் அந்த முக்குவரை ஒரே கூட்டமாக வந்து, அங்கிருந்து மூன்று நிறமாகப் பிரிந்து போவார்கள். பழுப்புச் சட்டை மேலே ஏறினால் மேட்டுப் பள்ளி. நீலம் வலது பக்கம் இறங்கினால் ஆற்றோரப் பள்ளி. சாம்பல் நிறத்தில் முழுக்கைச் சட்டை போட்டவை இடது பக்கம் வரிசையாகப் போகும். அது கடிகாரப் பள்ளி. வாசல் கோபுரத்தில் ஒரு பெரிய கடிகாரம் இருந்ததால் அந்தப் பேர்.

மூன்று பள்ளிக்கும் அவள் தைத்தாள். மெஷினுக்குப் பக்கத்தில் கனத்த அட்டை போட்ட ஓர் அளவு நோட்டு இருக்கும். பள்ளிக்கு ஒரு பக்கம், வருஷத்துக்கு ஒரு பக்கம். பிள்ளையின் பேர், கழுத்து, தோள், மார்பு, கை நீளம். மறு வருஷம் அதே பிள்ளை வந்தால் பழைய அளவைப் பார்த்துவிட்டுப் புது அளவை எழுதுவாள். "என்ன சாப்பிடுறே, ஒரு வருஷத்துல ரெண்டு அங்குலம் ஏறியிருக்கே? கொஞ்சம் மெதுவா வளரு, துணி விலை ஏறிப்போச்சு" என்று சீண்டுவாள்.

அவளுக்குப் பள்ளிகளைத் தெரிந்தது சட்டைகள் மூலமாகத்தான். மேட்டுப் பள்ளியிலிருந்து காலர் கிழிந்து வரும், பை தொங்கிக்கொண்டு வரும், பொத்தான் ஒன்றும் மிஞ்சாது. அங்கே அடிதடி என்று அவள் முடிவு கட்டினாள். ஆற்றோரப் பள்ளிச் சட்டையில் சேறும் மையும் இருக்கும், முழங்கையும் முட்டியும் தேய்ந்திருக்கும். ஒரு தடவை பிரிந்த பையைத் தைக்கக் கை விட்டவள் உள்ளே உயிரோடு ஒரு தவளையைப் பிடித்தாள். அங்கே விளையாட்டு. கடிகாரப் பள்ளியிலிருந்து மட்டும் பழுது பார்க்க ஒன்றுமே வராது. அங்கே படிப்பு.

ஒரே மகள் எட்டாம் வகுப்பை முடித்தபோது அவள் கண் முன்னால் இருந்தது இந்தக் கணக்குதான். அந்த மகளுக்கு வீட்டில் ரேடியோ என்று பேர். கண் விழித்ததும் தொடங்கினால் படுக்கிறவரை நிற்காது. வகுப்பில் நடந்தது, வழியில் பார்த்தது, பக்கத்து வீட்டில் சமைத்தது எல்லாம் மெஷின் சத்தத்துக்கு மேலே ஒலிபரப்பாகும். உயர்நிலைப் பள்ளி நான்கு வருஷம், கடைசியில் பொதுத் தேர்வு. சேருவதற்கு ஒரு விண்ணப்பம்தான், அதில் ஒரு பள்ளியின் பேர்தான் எழுதலாம்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? கடிகாரப் பள்ளி வாசல்ல போர்டு பாத்தீங்கல்ல? ஒம்பது வருஷமா நூத்துக்கு நூறு" என்றாள் அளவுக்காரி.

புருஷன் மின்வாரியத்தில் லைன்மேன். பேச்சில் சிக்கனம். "மூணு பள்ளிக்கும் ஒரே கம்பியிலதான் கரண்ட் போகுது" என்றார்.

"கேலி பண்ணாதீங்க."

"கேலி இல்ல. போன மாசம் அந்தப் பள்ளிக்குப் பக்கத்துப் போஸ்ட்ல ஏறியிருந்தேன். மேல இருந்து முழுசும் தெரியும். எண்ணூறு பிள்ளைங்க உள்ள இருக்குன்னு சொன்னாங்க. இடைவேளை மணி அடிச்சுது. எல்லாம் வெளிய வந்துச்சு." அவர் காலில் இருந்த பூட்ஸைக் கழற்றினார். "சத்தமே வரல. எனக்குக் காது அடைச்சுக்கிச்சோன்னு தலையை ஆட்டிப் பாத்தேன்."

"அதுக்குப் பேருதான் ஒழுங்கு."

அவருடைய அக்கா ஆற்றோரப் பள்ளியில் மணி அடிக்கும் வேலையில் இருந்தாள். அன்று வந்திருந்தாள். வாய்க்குப் பூட்டு இல்லாத மனுஷி. "எங்க பள்ளிக்கு அனுப்பு. பிள்ளைங்க கத்தும், விழும், எந்திரிக்கும். நூத்துல எழுபது பேர் தேறும். மிச்சம் மறுபடி எழுதும்."

"சட்டையைப் பாத்தாலே தெரியுதே அண்ணி. ஒண்ணாவது முழுசா வருதா?"

"ஏன்டி, கிழிஞ்சு வந்தா கெட்ட பள்ளி, கிழியாட்டி நல்ல பள்ளியா? பொணம் கூடத்தான் சட்டையைக் கிழிச்சுக்காது."

ரேடியோ விழுந்து விழுந்து சிரித்தாள். அளவுக்காரிக்கு முகம் சிவந்துவிட்டது. தன் பள்ளிக்கு ஆள் பிடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அன்று மாலையே விண்ணப்பத்தில் கடிகாரப் பள்ளியின் பேரை எழுதிப் போட்டுவிட்டாள். மை காய்கிறவரை அந்தத் தாளை யாரையும் தொட விடவில்லை.

சேர்க்கையன்று அலுவலகத்தில் வழவழவென்று துடைத்த மேசை, அதற்குப் பின்னால் ஓர் இரும்பு அலமாரி, முன்னால் எழுத்தர். எழுத்தரின் சட்டைக் காலர் நைந்துபோய், அதைப் பிரித்துத் திருப்பிப் போட்டுத் தைத்திருந்தது. திருப்பின காலர் என்றே சொல்ல முடியாது. யார் கை இது, இந்த ஊரில் இவ்வளவு நுணுக்கமாக யார் காலர் திருப்புகிறார்கள் என்று அவள் கண் அங்கேயே தங்கிவிட்டது. "இங்க ஒண்ணு போடுங்கம்மா. இங்க. அப்புறம் இங்க" என்று அவர் தாள்களை நகர்த்திக்கொண்டே போனார். அவள் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனாள். மூன்றாவது தாளில் மட்டும் ஏதோ உறுத்தியது.

"இதுல தேதி போடலையே சார்?"

"அதை நாங்க போட்டுக்கறோம்மா."

தலைமையாசிரியர் நெட்டையான மனிதர். குரல் பஞ்சு மாதிரி இருக்கும். ரேடியோவுக்கு எதிரே யார் நின்றால் என்ன? "சார், உங்க கடிகாரம் நாலு நிமிஷம் முந்தி ஓடுது, தெரியுமா?" என்று கேட்டுவிட்டாள். அளவுக்காரி அவள் தொடையைக் கிள்ளினாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. குனிந்து அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

"இங்க வர்றவங்க எல்லாரும் கொஞ்ச நாள்ல அதுக்குப் பழகிடுவாங்க" என்றார்.

முதல் வருஷத்தில் ரேடியோவின் பேச்சு குறைந்தது. எந்த நாளில் குறைந்தது என்று கேட்டால் சொல்ல முடியாது. குழாயில் தண்ணீர் வரத்து சுருங்குகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக. மெஷின் சத்தம் மட்டும் கேட்கிறதே என்று ஒருநாள் அளவுக்காரி கால் மிதிப்பதை நிறுத்திப் பார்த்தாள். மகள் பக்கத்து ஸ்டூலில்தான் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று தெருவில் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

சட்டையின் இடது கைப்பட்டி மட்டும் நூல் நூலாகப் பிரிந்து வந்தது. மென்று மென்று ஈரமாக இருந்தது.

"எலியா நீ? பசிச்சா சோறு கேளு, சட்டையைத் தின்னாதே."

ரேடியோ கைப்பட்டியை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டாள். மறு வருஷ அளவுக்கு வந்த மற்ற சாம்பல் சட்டைகளிலும் இடது கைப்பட்டி அப்படித்தான் இருந்தது. வலது கை எழுதுகிறது, இடது கை சும்மா இருக்கிறது. அளவுக்காரி துணியைத் தேய்த்துப் பார்த்தாள். ஆலைக்காரன் மட்டமான துணியைத் தள்ளிவிட்டான் என்று திட்டினாள்.

இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் மகளை நிறுத்தி அளவு எடுத்தாள். போன வருஷம் தோள் பதினாலு அங்குலம். இந்த வருஷம் பதிமூன்றே முக்கால். வளர்கிற பிள்ளைக்குத் தோள் சுருங்குமா? டேப் நைந்து நீண்டுவிட்டது, அதனால்தான் குறைத்துக் காட்டுகிறது என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கி வந்தாள். மறுபடி வைத்தாள்.

பதிமூன்றே முக்கால்.

"நிமிர்ந்து நில்லு" என்றாள்.

"நிமிர்ந்துதான்மா நிக்கறேன்" என்றாள் மகள்.

அவள் அதை நோட்டில் எழுதிவிட்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள்.  

அவளுக்கு அந்த நாட்களில் வேறொரு எரிச்சல் இருந்தது. கடிகாரப் பள்ளிக்குச் சேருகிற பிள்ளைகளில் அறுபது பேராவது அவளிடம் தைப்பார்கள். இரண்டாம் வருஷமும் அறுபது வரும். மூன்றாம் வருஷம் முப்பத்தைந்து, முப்பத்தாறு. ஒவ்வொரு கூட்டத்திலும் அப்படித்தான். மீதிப் பேரைப் பஸ் ஸ்டாண்டு தையல்காரர் வளைத்துவிட்டார் என்பது அவள் தீர்மானம். மீசை அரும்பிய பையனுக்குப் பெண்பிள்ளை கையில் அளவு கொடுக்கக் கூச்சம், தாவணி வயசுப் பெண்ணுக்குப் புது மோஸ்தர் வேண்டும், அந்த ஆள் வலை விரித்து உட்கார்ந்திருக்கிறான். ஏழு வருஷமாக அந்த மனிதரோடு அவளுக்குப் பேச்சு இல்லை. எதிரே வந்தால் தெருவைக் கடந்து போய்விடுவாள். மற்ற இரண்டு பள்ளிப் பையன்களுக்கும் மீசை அரும்பியது. அவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். மூன்று பக்கங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

ரேடியோவின் இரண்டாம் வருஷம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது ஊர் எல்லையில் இருக்கும் பெட்டி ஆலையிலிருந்து ஆள் வந்தது. பழங்களைப் பெட்டியில் அடைத்துக் குளிர் அறையில் வைத்து வெளியூர் அனுப்புகிற இடம். வேலையாட்களுக்கு நாற்பது கோட்டு வேண்டும். சின்ன அளவாக வேண்டும் என்றார்கள்.

உள்ளே போனதும் குளிர் முகத்தில் அறைந்தது. கூரையில் நீள விளக்குகள், தரையெல்லாம் ஈரம். ஆட்கள் வரிசையில் நின்றார்கள். எல்லாம் பதினாறு, பதினேழு வயசு. ஒருவரும் பேசவில்லை. பெட்டி நகர்கிற பட்டையின் சத்தம் மட்டும் கேட்டது. அவள் மேசையில் நோட்டை விரித்துக்கொண்டு ஒவ்வொருவராக அளந்தாள். நாலாவதாக நின்ற பையனின் கழுத்தில் டேப்பைச் சுற்றும்போதே அவள் விரல் எண்ணைச் சொல்லிவிட்டது. படிக்கும் முன்னால் தெரிந்தது. ஆறாவது பெண்ணுக்கும் அப்படி. எங்கோ எழுதியிருக்கிறேன் இந்த அளவை என்று நினைத்தாள்.

ஒன்பதாவது ஒரு பெண். "இடது தோளைத் தூக்கு. நேரா வை" என்றாள் அளவுக்காரி.

"அது அப்படித்தான்க்கா இருக்கும். உங்களுக்குத் தெரியுமே. கால் அங்குலம் எறக்கி வெட்டுவீங்க."

அளவுக்காரி அப்போதுதான் முகத்தைப் பார்த்தாள். இரண்டு வருஷம் சாம்பல் சட்டை தைத்துக் கொடுத்த பிள்ளை. நோட்டில் பேருக்குப் பக்கத்தில் இடது தோள் இறக்கம் என்று எழுதியிருந்த பிள்ளை.

"நீ கடிகாரப் பள்ளிதானே? பஸ் ஸ்டாண்டுக்காரன்கிட்டப் போயிட்டேன்னு நெனச்சேன்."

"நான் எங்கயும் போகலக்கா. எடுத்துட்டாங்க."

"எதை?"

"என்னைத்தான். எங்களை எல்லாம்." அவள் கண்ணால் வரிசையைக் காட்டினாள். "பொதுத் தேர்வுல தேறாதுன்னு தோணுற பிள்ளைங்களை முன்னாடியே எடுத்துடுவாங்க. அப்பத்தானே நூத்துக்கு நூறு. ரெண்டாம் வருஷக் கடைசியில தேர்வுக்குப் பேர் பதியணும். எங்க பேரைப் பதிய மாட்டாங்க. பதிவு முடிஞ்சப்புறம்தான் வீட்டுக்குச் சொல்லுவாங்க. அப்புறம் எந்தப் பள்ளியும் சேர்க்காது."

"பெத்தவங்க சும்மா விட்டுடுவாங்களா?"

"அவங்க கையெழுத்துதான் முன்னாடியே இருக்குதேக்கா. எங்க விருப்பத்தோட பிள்ளையைக் கூட்டிட்டுப் போறோம்னு ஒரு தாள். சேரும்போதே வாங்கிடுவாங்க." அந்தப் பெண் இடது கையைத் தூக்கினாள், கை நீளம் எடுப்பதற்காக. பழைய பழக்கம். "தேதி மட்டும் போட மாட்டாங்க."

டேப் கையிலிருந்து நழுவி ஈரத் தரையில் விழுந்தது. அளவுக்காரி குனிந்து எடுத்து முந்தானையில் துடைத்தாள். பிறகு எழுந்து மிச்சம் முப்பத்தொரு பேரையும் அளந்து முடித்தாள். வந்த வேலையைப் பாதியில் விட்டுப் பழக்கமில்லை. நாற்பதில் இருபத்தைந்து பேரை அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

அங்கிருந்து நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். தையல்காரர் ஒரு சட்டையில் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் ஊசியை வாயிலிருந்து எடுத்தார்.

"மழை வரப்போகுதா என்ன, இந்தப் பக்கம்?"

"அண்ணே, கடிகாரப் பள்ளியில மூணாம் வருஷப் பிள்ளைங்க என்கிட்டயிருந்து எத்தனை பேர் உங்ககிட்ட வந்தாங்க?"

"உன்கிட்டயிருந்தா?" அவர் சிரித்தார். "என்கிட்டயிருந்து போனதை எல்லாம் நீ அள்ளிக்கிட்டேன்னு ஏழு வருஷமா வயிறு எரிஞ்சுக்கிட்டு இருக்கேன். ஒரு கைக்குட்டை கூட வரல தாயி."

சொல்லி முடித்ததும் அவர் சிரிப்பு நின்றது. அவள் முகத்தைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள்.  அவர் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அவள் உட்காரவில்லை.

வீட்டில் ரேடியோ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அளவுக்காரி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கணக்குல எவ்வளவு?"

மகளின் இடது கை வாய்க்குப் போனது. அம்மா அதைப் பிடித்து இறக்கினாள். அடிக்கவில்லை. பிடித்தபடியே இருந்தாள்.

"பதினெட்டு" என்றாள் மகள். "போன தடவை இருபத்தொண்ணு. எங்க வகுப்புல கடைசி ரெண்டு பெஞ்சுல உக்கார வச்சிருக்காங்கம்மா. எங்ககிட்ட யாரும் கேள்வி கேக்கறதில்ல. அதுக்கப்புறம் பேப்பர் கூடத் திருத்தறதில்ல. யாரும் எங்களோட பேசக் கூடாது."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நீதான் எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிட்டிருந்தியே."

லைன்மேன் இதைக் கேட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். திரும்பி வந்து, "அக்காகிட்டப் போ" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலையே அளவுக்காரி போனாள். நாத்தனார் சொல்லிக்காட்ட எவ்வளவோ இருந்தது. சொல்லவில்லை. பொணத்தைப் பற்றிப் பேசியதை நினைத்தோ என்னவோ, வாயைத் துணியால் துடைத்துக்கொண்டாள். மறுநாள் தன் தலைமையாசிரியையைக் கேட்டு வந்தாள். "பதிவு முடிய ஒம்பது நாள் இருக்கு. அதுக்குள்ள மாற்றுச் சான்றிதழ் கொண்டு வந்தா சேர்த்துக்கறாங்களாம். ஒரு நாள் தாண்டினாலும் முடியாதாம்."

கடிகாரப் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் அதே காலரோடு இருந்தார். "பதிவு முடியற வரைக்கும் யாருக்கும் சான்றிதழ் கிடையாதும்மா. இப்ப எண்ணிக்கை குறைஞ்சா மேலதிகாரி கேப்பாங்க. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, உடனே தர்றோம்."

"ரெண்டு வாரம் கழிச்சு எனக்கு எதுக்கு?"

"வெளிய உக்காருங்கம்மா."

ஐந்து நாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். தலைக்கு மேலே கடிகாரம் நாலு நிமிஷம் முந்தி அடித்தது. இடைவேளைக்குப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். தண்ணீர்க் குழாயில் வரிசையாக நின்று குடித்தார்கள். செருப்புச் சத்தம் கேட்டது, தண்ணீர்ச் சத்தம் கேட்டது. தன் மகள் கடைசியாக வருவதையும், அவளுக்கு முன்னால் இரண்டு அடி இடைவெளி விட்டு மற்றவர்கள் நிற்பதையும் பார்த்தாள். போஸ்ட்டில் ஏறாமலே புருஷன் கண்டதை அவளும் கண்டாள்.

ஆறாம் நாள் அளவு நோட்டை எடுத்துக்கொண்டு போனாள். எழுத்தர் கையை நீட்டித் தடுத்ததைத் தாண்டி உள்ளே போய், தலைமையாசிரியரின் மேசையில் விரித்து வைத்தாள்.

"என்ன இது?" என்றார் அவர், அதே பஞ்சுக் குரலில்.

"அளவு நோட்டு சார். ஒங்க பள்ளிக்குத் தச்சது. இந்தப் பக்கம் சேர்ந்தப்ப அறுபத்திரண்டு பேர். மூணாம் வருஷம் முப்பத்தாறு. இந்தப் பக்கம் அறுபது பேர், முப்பத்தஞ்சு. அடுத்ததும் அப்படித்தான். பேரு, தோளு, கழுத்து எல்லாம் இருக்கு. வராம போனவங்கள்ல பாதிப் பேரு இப்ப பெட்டி ஆலையில எங்கே நிக்கறாங்கன்னும் எழுதியிருக்கேன்."

அவர் பக்கங்களை நிதானமாகத் திருப்பினார். ஒவ்வொரு பேரையும் வாசிக்கிற மாதிரி இருந்தது. ஒரு பேரில் விரலை வைத்து, நினைவுக்கு வந்ததுபோல் தலையை ஆட்டிக்கொண்டார்.

"இதை யாருக்காவது காட்டினீங்களா?"

"இன்னும் இல்ல."

அவர் எழுத்தரைக் கூப்பிட்டார். இரும்பு அலமாரி திறந்தது. ஒரு முழம் உயரத்துக்குத் தாள்கள் அடுக்கியிருந்தன. எல்லாத் தாளிலும் கீழே ஒரு கையெழுத்து, மேலே வலது மூலையில் வெறும் இடம். எழுத்தர் நடுவிலிருந்து ஒன்றை உருவி எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் கையெழுத்துதான். மீதியை ஓரம் சரியாகத் தட்டி மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினார். மாற்றுச் சான்றிதழ் கால் மணி நேரத்தில் தயாராகிவிட்டது.

மற்ற தாள்களையும் கொடுங்கள் என்று அவள் கேட்டிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. மூன்று நாள்தான் இருந்தது. கையில் இருந்ததை மடித்து மார்போடு வைத்துக்கொண்டு எழுந்தாள். அதைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் பேச்சை மாற்றிவிடுவாள்.

"கையெழுத்து ரொம்ப நேர்த்தியா இருக்கு" என்றார் தலைமையாசிரியர், நோட்டைத் திருப்பிக் கொடுத்தபடி. "இனிமே எங்க பிள்ளைங்களுக்கு அளவு எடுக்கற சிரமம் உங்களுக்கு வேண்டாம்."

ரேடியோ நீலச் சட்டைக்கு மாறினாள். மூன்றாம் மாசம் பை கிழிந்து வந்தது. அளவுக்காரி அதைத் தைக்க எடுத்தவள், ரொம்ப நேரம் மடியிலேயே வைத்திருந்தாள். பேச்சும் வந்தது, முன்னைப் போல இல்லை. நடு நடுவே நின்றுவிடும், யாரோ அணைத்துவிட்ட மாதிரி. பொதுத் தேர்வில் கணக்கில் விழுந்தாள். மறுபடி எழுதித் தேறினாள். ஆற்றோரப் பள்ளி அந்த வருஷம் எழுபத்து மூன்று. கடிகாரப் பள்ளி வழக்கம்போல நூறு.

ரேடியோ பள்ளி மாறிய அந்த வருஷமே, விண்ணப்பம் எழுதுகிற காலம் வந்தபோது தாய்மார்கள் கடைக்கு வந்தார்கள். அவள் நோட்டைத் திறந்து மூன்று பள்ளியின் பக்கங்களையும் மாற்றி மாற்றித் திருப்பிக் காட்டினாள். அவர்கள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். தெருமுனை தாண்டியதும், "அவ பொண்ணுக்குப் படிப்பு ஏறல. சீச்சீ இந்தப் பழம் புளிக்குதுங்கறா" என்று சொன்னது அவள் காதுக்கே வந்தது. அந்த வருஷம் கடிகாரப் பள்ளியில் இடம் கேட்டு நின்ற வரிசை தெருவைத் தாண்டிப் போயிற்று. சேர்ந்த பிள்ளைகளுக்குப் பள்ளி ஒரு சுற்றறிக்கை கொடுத்தது. சீருடையைப் பஸ் ஸ்டாண்டு கடையில் மட்டும்தான் தைக்க வேண்டும்.

அவள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கேட்டாள். "அண்ணே, நீங்களாவது நோட்டுப் போட்டு எழுதி வைங்க."

அவர் நிமிரவில்லை. "எனக்கு மூணு பிள்ளைங்க தாயி. நான் துண்டுச் சீட்டுல எழுதுவேன். தச்சு முடிச்சதும் கூட்டித் தள்ளிடுவேன்."

மற்ற இரண்டு பள்ளித் தையலை வைத்துக் கடை ஓடவில்லை. இப்போது அளவுக்காரி பெட்டி ஆலையின் பின்கட்டில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் மெஷின் போட்டுக் கோட்டு தைக்கிறாள். புதிதாக வருகிறவர்களை அளந்து நோட்டில் எழுதிக்கொள்கிறாள். போன மாதம் கடிகாரப் பள்ளியிலிருந்து மட்டும் முப்பத்தொரு பேர்.